கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்களுக்கு

எங்கள் ஊர் டிரைவர்களின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வைத்தது நீங்கள். வெயிலில் அவர்கள் கண்ணைச் சுருக்கியபோது ‘தூங்கினான்’ என்று எழுதியதும் நீங்கள். காருக்குள் கேமரா மாட்டி, டிரைவருக்கு மார்க் போட்டு, மார்க் நன்றாக இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிற இன்சூரன்ஸ் கம்பெனியின் மார்க் பிரிவைத்தான் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று மலர்க்குழு கேட்டுக்கொண்டது. போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

ஓட்டுநர் சங்க ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், “கொஞ்சம் நன்றியோட எழுதுங்க அண்ணாச்சி, நீங்க எழுதுனா சண்டையில போயி முடியும்” என்றார்கள். எனக்கு நன்றி நிறைய இருக்கிறது. சண்டையும் இருக்கிறது. தனித்தனியாக எழுத எனக்குத் தெரியாது.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. அடிபட்ட வண்டியைப் பார்த்து, எப்படி அடிபட்டது, சரிசெய்ய என்ன செலவாகும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிறவன். டிப்ளமோ படித்தேன், ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க வேலை பார்த்தேன், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். வேலை என்றால் என்னவென்று தெரிந்தது ரொட்ரிகோ சாரிடம் சேர்ந்த பிறகு.

ரொட்ரிகோ சார் பெரிய உடம்புக்காரர். கிரீஸும் கரியும் கிடக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளைச் சட்டையில்தான் வருவார். ஒரு கறை படாமல் திரும்புவார். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உள்ளே நுழைந்ததும் வண்டிக்காரர் ஓடிவந்து கதை சொல்ல ஆரம்பிப்பார். சார் கையைக் காட்டி நிறுத்துவார்.

“அப்புறம் பேசுங்க. இப்ப பேசுனீங்கன்னா நான் உங்க பேச்சைத்தான் பாப்பேன், வண்டியைப் பாக்க மாட்டேன்.”

டீ கொடுத்தால் வாங்க மாட்டார். வேலை முடிந்த பிறகு கேட்டு வாங்கிக் குடிப்பார்.

எல்லாரும் நம்மை அடிபட்ட பக்கத்துக்குத்தான் கூட்டிப் போவார்கள். சார் பின்பக்கத்திலிருந்து தொடங்குவார். ஒரு சுற்று முழுவதும் கை வைக்காமல் நடப்பார். இரண்டாவது சுற்றில் தகரம் கிழிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார். எங்கள் ஊர் உப்புக் காற்றில் கீறல் சீக்கிரம் பழுத்துவிடும். புதுக் கீறல் மினுங்கும், பழையது தவிட்டு நிறமாகிவிடும். போன மாதம் இடித்ததை நேற்று இடித்ததாகச் சொல்லுகிறவர்கள் அவரிடம் அந்த விளிம்பில்தான் மாட்டுவார்கள்.

அதற்குப் பிறகு கதவைத் திறப்பார். இங்கேதான் அவர் சட்டம். சீட்டைத் தள்ளக் கூடாது. கண்ணாடியைத் திருப்பக் கூடாது. கியர், ஹேண்ட்பிரேக், ஏசி, வெயில் மறைப்பு, எது எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, சீட்டைத் தள்ளாமலேயே உள்ளே ஏறி உட்கார வேண்டும்.

ஒரு தடவை ஒரு கடைக்காரர் காரைப் பார்க்கப் போனோம். டிரைவர்தான் ஓட்டினார் என்று சொன்னார்கள். டிரைவர் நல்ல நெட்டை. சார் உள்ளே ஏறினார். ஏற முடியவில்லை. வயிறு ஸ்டியரிங்கில் இடித்து, முழங்கால் மேலே மாட்டிக்கொண்டது. அப்படியே மாட்டிக்கொண்டபடி டிரைவரைக் கூப்பிட்டார்.

“ஏலே, நீ காலை எங்கன வச்சிருந்தே? மடியிலயா?”

ஒர்க்‌ஷாப் முழுவதும் சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டான். ஓட்டியது கடைக்காரரின் மகன். லைசென்ஸ் இல்லாத பையன், குட்டையான ஆள். சார் சத்தம் போடவில்லை. கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “கிளெய்மை வாபஸ் வாங்கிக்கிடுங்க. மொதல்ல பையனுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுங்க. இந்த டிரைவரை நிப்பாட்டிராதீங்க, நீங்க சொன்னதைத்தான் அவன் சொன்னான்” என்றார். கடைக்காரர் அப்படியே செய்தார். நான் என்றால் கத்தியிருப்பேன். எனக்குக் கத்த மட்டும்தான் தெரியும். கத்தாமலும் உண்மையை வாங்கலாம் என்று அவரிடம் பார்த்தேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கடைசிச் சட்டம் ஒன்று உண்டு. விபத்து நடந்த இடத்தில், அது நடந்த அதே பொழுதில் போய் நிற்க வேண்டும். காலையில் நடந்தால் காலையில், உச்சி வெயிலில் நடந்தால் உச்சி வெயிலில். பஸ்ஸில் போய் நின்று, வெந்து, திட்டிக்கொண்டே திரும்பியிருக்கிறேன். பாதி நாள் ஒன்றும் கிடைக்காது. மீதி நாள் கிடைத்ததை வைத்துத்தான் நான் பேர் வாங்கினேன்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். நான் கேமராவுக்கு எதிரி இல்லை. அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். துறைமுகச் சாலையில் ஸ்கூட்டரில் போன ஒரு டீச்சரம்மாவை லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு நிறம் சொன்னார்கள். பின்னால் வந்த வாடகைக் காரின் கேமராவில் லாரி நம்பர் பளிச்சென்று இருந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கேஸை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாலையைப் பார்க்கிற கேமரா சாட்சி. அதை யாராவது கேலி செய்தால் நான் சண்டைக்குப் போவேன்.

சாலையைப் பார்க்கிறதோடு நிற்காமல் டிரைவர் முகத்தையும் பார்க்கிற கேமரா வந்தது. ஒரே பெட்டி, ஒரு கண் வெளியே, ஒரு கண் உள்ளே. கண்ணை மூடினால் மார்க் போகும். போனைப் பார்த்தால் போகும். கையை எடுத்தால் போகும். மாதக் கடைசியில் மார்க் கார் முதலாளிக்குப் போகும். மார்க் இருந்தால் தள்ளுபடி. எங்கள் ஊரில் டிராவல்ஸ் நடத்துகிற செல்வராஜ் அண்ணாச்சி எல்லாக் காரிலும் மாட்டினார். தப்பில்லை. தூங்கி வழிகிற டிரைவரை எழுப்பிவிடுகிற கருவி என்றால் நானே மாட்டச் சொல்வேன்.

டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள்.

“ஏலே, பாடாத. மாமியாரு கொட்டாவின்னு எழுதிருவா.”

“எங்க வீட்டு மாமியாராவது தீவாளிக்கு வேட்டி எடுத்துத் தந்தா. இவ என்ன தருவா?”

“அண்ணாச்சிக்குத் தருவா.”

இந்தச் சிரிப்பு, கறுப்புக் கண்ணாடி விஷயம் வந்ததும் நின்றுவிட்டது. கூலிங் கிளாஸ் போட்டால் அந்தக் கேமராவுக்கு டிரைவரின் கண் தெரியவில்லை. கண் தெரியவில்லை என்றால் அதற்கும் மார்க் குறைத்தார்கள். அண்ணாச்சிக்குத் தள்ளுபடி போய்விடும் என்ற பயம். எல்லாரும் கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தூத்துக்குடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தருவைகுளத்திலிருந்து ஊருக்குள் வருகிற சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். உப்பு வாருகிற காலத்தில் பாத்தி வெள்ளை, வரப்பு வெள்ளை, குவியல் வெள்ளை. மத்தியானம் தாண்டி ஊரைப் பார்த்து வந்தால் சூரியன் நேரே முகத்தில். மேலேயும் வெளிச்சம், கீழேயும் வெளிச்சம். அந்தச் சாலையில் டிரைவர்கள் கூலிங் கிளாஸ் போடுவது ஸ்டைலுக்கு இல்லை.

அந்தச் சாலையில்தான் சூசையின் கார் வாய்க்காலில் இறங்கியது.

சூசை, செல்வராஜ் அண்ணாச்சியிடம் டிரைவர். கடற்கரைக்காரன். அப்பாவோடு கடலுக்குப் போக மாட்டேன் என்று சண்டை போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். பலமுறை நானே அவன் வண்டியில் போயிருக்கிறேன். மத்தியானம் தாண்டி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல், ஆளில்லாத காரைத் தருவைகுளத்திலிருந்து எடுத்து வருகிறான். உப்பளத்திலிருந்து ஒரு பைக் சாலையில் ஏறுகிறது. கார் இடது பக்கம் வளைந்து வாய்க்காலில் இறங்கியது. வலது பக்க விளக்கு பைக்கைத் தட்டியது. பைக்கில் வந்த உப்பளத் தொழிலாளி மாடசாமிக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஓய்வு பெறும் முன் நான் பார்த்த கடைசிக் கேஸ்களில் அது ஒன்று. கேமரா உடனே வேலை செய்தது. நான் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கம்பெனியிலிருந்து தாள் வந்துவிட்டது. டிரைவர் கண் மூடியிருந்தது, கை ஸ்டியரிங்கில் இல்லை, தூக்கம். காரின் நஷ்டத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று முடிவும் எழுதி, சர்வேயர் உறுதிப்படுத்தவும் என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சி சூசையை நிறுத்திவிட்டார். அந்தத் தாள் போலீஸுக்கும் போகும் என்று பேச்சு.

சூசை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றான்.

“அண்ணாச்சி, நான் தூங்கல.”

“அப்புறம் பேசு” என்றேன்.

பின்பக்கத்திலிருந்து நடந்தேன். விளிம்பைத் தடவினேன். கதவைத் திறந்தேன். சீட்டைத் தள்ளாமல் ஏறி உட்கார்ந்தேன். முன் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. வெயில் மறைப்பு முழுதாகக் கீழே இழுத்துவிட்டபடி இருந்தது. அதற்குக் கீழே சாலைக்கு ஒரு பட்டை இடம்தான். ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டேன். வண்டியை இழுத்து வந்ததிலிருந்து யாரும் உள்ளே ஏறவில்லை என்றார்.

தூங்குகிறவன் எழுந்து மறைப்பை இழுத்துவிட்டுத் திரும்பத் தூங்குவானா?

கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கிற மேடம் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நியாயமான பெண். வயதில் என் மகளைவிடச் சின்னவள். உள் கேமராவில் சூசையின் முகம். கண் சுருங்குகிறது. வலது கை தலைக்கு மேலே போய்ப் படத்தை விட்டு வெளியே போகிறது. முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வருகிறது. கை கீழே வருகிறது. வண்டி குலுங்குகிறது.

“வெளிக் கேமராவைப் போடுங்க” என்றேன்.

போட்டார். அந்த நேரத்துக்கு அதில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பைக் இல்லை, சாலை இல்லை, உப்புக் குவியல்கூடத் தெரியவில்லை. வெளிக் கேமராவுக்கே கண் கூசியிருக்கிறது. அதற்கு யாரும் மார்க் குறைக்கவில்லை.

வெளியே வந்து ரொட்ரிகோ சாருக்குப் போன் செய்தேன். அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. காது மந்தம். இரண்டு தடவை கத்திச் சொன்னேன்.

“சீட்டைத் தள்ளுனியாலே?”

“தள்ளல சார்.”

“பொறவு எதுக்கு எனக்குப் போன் போடுத? அடிபட்டவனைப் பாத்தியா? அதே பொழுதுக்கு அங்கன போயி நின்னியா? வெயிலுன்னு வீட்டுல படுத்துக்கிடாத.”

போனை வைத்துவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் மாடசாமி காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. நான் யார் என்று முதலிலேயே சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். “டிரைவர் தூங்கினான் என்றால் உங்கள் கேஸுக்கு நல்லது. தூங்கவில்லை என்றால் உங்களுக்குக் கிடைக்கிறது குறையும். யோசித்துச் சொல்லுங்கள்.” இதைச் சொல்வது என் வேலை இல்லை. சொல்லாமல் கேட்டால் அது திருட்டு.

தம்பிக்காரன் எழுந்துவிட்டான். “அத்தான், ஒண்ணும் சொல்லாதீரும். வக்கீலு வரட்டும்.”

“நீ சும்மா இருலே. விழுந்தது நானா, வக்கீலா?” என்றார் மாடசாமி. என்னைப் பார்த்துச் சொன்னார். “அளத்துக்குள்ள இருந்து ஏறுனேன். எனக்கு ரோடே தெரியல, எல்லாம் வெள்ளையாக் கெடந்துச்சு. ஏறுன பொறவுதான் காரு தெரிஞ்சுது. அவரு மொகத்துல வெயிலு நேரா அடிச்சுது. மேல கையைக் கொண்டு போயி எதையோ இழுத்தாரு. கண்ணைச் சுருக்கிக்கிட்டு என்னையத்தான் பாத்தாரு. பாத்து வண்டியை வாய்க்கால்ல விட்டாரு. விடலன்னா நான் இங்கன படுத்திருக்க மாட்டேன்.”

“அத்தான்!”

“என்னலே அத்தான்? அவரு தூங்கியிருந்தா உங்க அக்கா இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பா?”

தம்பிக்காரன் உட்கார்ந்துவிட்டான். நான் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். என் வேலையில் எத்தனையோ கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கியது அது ஒன்றுதான்.

அடுத்து அதே பொழுதில் போய் நிற்க வேண்டும். மேடத்தைக் கேட்டேன், வருகிறீர்களா என்று. “நானே ஓட்டுறேன் சார்” என்றார். அதே மாதிரிப் பெட்டியை அவர் காரில் மாட்டச் சொன்னேன். தருவைகுளம் வரை போய்த் திரும்பினோம். உப்பளம் தொடங்கியதும் மேடம் கண்ணைச் சுருக்கினார். கூலிங் கிளாஸை எடுக்கக் கை போனது. “போடக் கூடாது” என்றேன். கொஞ்ச தூரத்தில் பெட்டி பீப் அடித்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில், நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்றது.

“நான் எப்ப சார் தூங்குனேன்?” மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“அதைத்தான் சூசையும் கேக்கான்.”

இடம் வரும் முன்னால் இன்னொரு தடவை அடித்தது. காரை ஓரமாக நிறுத்தினார். இருவரும் இறங்கி வெயிலில் நின்றோம். வாய்க்காலில் டயர் இறங்கிய தடம் அப்படியே இருந்தது. மேடம் கையை நெற்றிக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு, மாடசாமி ஏறிய பாதையைப் பார்த்தார். “ஒண்ணுமே தெரியல சார்” என்றார்.

அறிக்கையில் நான் தூக்கம் என்று எழுதவில்லை. டிரைவர் விழித்திருந்தார், வெயில் மறைப்பை இழுத்தார், ஆளைப் பார்த்து வண்டியைத் திருப்பினார் என்று எழுதினேன். போட்டோ, வீடியோ, மாடசாமி சொன்னது எல்லாம் வைத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் முன்னாலேயே பார்த்திருக்கக்கூடும், அதைக் கழற்ற வைத்தது மார்க் முறை என்றும் எழுதினேன். மேடம் அந்த வரியை அடிக்காமல் மேலே அனுப்பினார். அதற்கு அவருக்கு என்ன பேச்சு கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. கிளெய்ம் முடிந்தது. அண்ணாச்சியின் கார் சரியாகி ஓடுகிறது. போலீஸும் தூக்கம் என்ற பேச்சை விட்டுவிட்டது. மாடசாமியின் கேஸ் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. குறைத்துத்தான் முடிந்தது. ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் கூடியிருக்கும். கொஞ்சம் காலை இழுத்துத்தான் நடக்கிறார், உப்பளத்துக்குத்தான் போகிறார். இப்போதும் எங்காவது பார்த்தால் “அந்த டிரைவருக்கு வேலை கெடச்சாச்சா?” என்றுதான் கேட்பார்.

கிடைக்கவில்லை. மார்க் மாறவில்லை. சூசையின் பெயருக்கு எதிரே ‘தூக்கம்’ இன்னும் இருக்கிறது. அவனைத் திரும்ப எடுத்தால் தன் தள்ளுபடி போய்விடும் என்று அண்ணாச்சி தயங்குகிறார். துறைமுகத்தில் ஆள் ஏற்றுகிற வண்டிக்குக் கேட்டுப் போனான். மார்க்கைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது கேமரா இல்லாத பழைய மினி லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு திரிகிறான்.

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். “கிளெய்ம் என் கையில இருந்துச்சு சார், முடிச்சேன். மார்க் என் கையில இல்ல. கம்ப்யூட்டர் போடுது. மூணு மெயில் போட்டுட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வருது” என்றார்.

உங்களுக்கும் நன்றி சொல்லத் தெரிகிறது. எனக்கு அந்த நன்றி வேண்டாம்.

நான் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சீட்டைத் தள்ளாதே என்று சொன்ன ரொட்ரிகோ சாருக்கு. தொங்கவிட்ட காலோடு உண்மையைச் சொன்ன மாடசாமிக்கு. ஒரு வரியை அடிக்காமல் அனுப்பிய மேடத்துக்கு. லாரி நம்பரைப் பிடித்துக் கொடுத்த அந்தக் கேமராவுக்கு. நான் வேலை பார்த்த காலம் முழுவதும், என்னை நம்பி வண்டியை அப்படியே விட்டுவைத்த டிரைவர்களுக்கு. இவர்களால் என் வேலை மரியாதையான வேலையாக இருந்தது.

இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் சூசை வந்தான். “அண்ணாச்சி, வேலையை நான் எப்படியும் தேடிக்கிடுவேன். தூங்குனேன்னு எழுதுனதை மட்டும் அடிக்கச் சொல்லுங்க. எங்க ஏரியாவுல புள்ளைங்க ‘தூங்குமூஞ்சி மாமா’ன்னு கூப்பிடுதுங்க” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மலரின் பின்னட்டை விளம்பரம் உங்களுடையது என்று மலர்க்குழு சொன்னது. அச்சுக்குப் போகும் முன் எனக்குக் காட்டினார்கள். கடற்கரைச் சாலை, நல்ல வெயில், கார் ஓட்டுகிறவர் சிரிக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

இந்தக் கட்டுரையை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, மலர் வெளியீட்டு விழாவில் மேடையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். மேடத்தை அனுப்ப வேண்டாம், அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். மார்க் போடுகிற பிரிவுக்குத் தலைவர் யாரோ அவர் வரட்டும். முன்வரிசையில் சூசை உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் மாடசாமி. கருத்துக்கு நன்றி என்று ஆரம்பிக்காதீர்கள். மைக்கைப் பிடித்து, ஊர் டிரைவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: சூசை தூங்கினானா, இல்லையா?